மொரீஷியஸுக்கு மரக்காணம் வழியாக

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. பாண்டிச்சேரி பஸ் நிலையத்தில் மரக்காணம் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது பைசா. தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று கண்டக்டர் சொன்னார். எங்கள் வாயில் அது இன்னும் இருபத்திரண்டு மைல்தான். எழுபத்து நான்காம் வருடம், தை மாதக் கடைசி. சட்டைப்பையில் ஒரு நீலக் கடிதம், அதோடு மடித்து வைத்த ஒரு விண்ணப்பப் பாரம். நான் போகவேண்டியது மொரீஷியஸ் தீவுக்கு. அதற்கு முதலில் மரக்காணம் போகவேண்டியிருந்தது.

விவரம் சொல்லிவிடுகிறேன். நான் தையல்காரன். என்னோடு ஒரே கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி மூன்று வருடத்துக்கு முன் மொரீஷியஸ் போனான். எங்கள் பக்கத்தில் அதை ‘மோரீசு’ என்போம். அங்கே சட்டை தைக்கும் ஆலைகள் திறந்திருக்கிறார்கள், துணி வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தான். பம்பாய்க்கு ரயிலில் போய் அங்கிருந்து கப்பல் ஏறவேண்டும். மாதச் சம்பளம், ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள், வீட்டுக்குள்ளேயே குழாய், ஜன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தால் கடல். ஒரே ஒரு நிபந்தனை. வீடு குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத்தான். புதன்கிழமைக்குள் பாரத்தைத் தபாலில் சேர்க்கவேண்டும்.

என் குடும்பம் என்பது என் மனைவி கன்னியம்மா. அவள் மரக்காணம் உப்பளத்துப் பெண். கல்யாணமாகி இது நான்காவது வருடம். ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்ததும் மூன்று வாரம் அப்பாவின் உப்புப் பாத்திகளை மிதித்துக் கொடுக்கப் போய்விடுவாள். கடிதம் வந்தபோதும் அங்கேதான் இருந்தாள். நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். பதில் பஸ் கண்டக்டர் வாய் வழியாக வந்தது. “டெய்லரு, ஒன் சம்சாரம் நேர்ல வந்து பேசச் சொல்லிச்சு. கார்டுல மூஞ்சி தெரியலியாம்.”

ஆகவே கிளம்பினேன்.

ஆறே முக்கால். கோட்டக்குப்பம் தாண்டியதும் ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. பெரிய முதலியார்சாவடியில் பாதி வண்டி காலியானது. ஆரோவில்லுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர்கள் சட்டியும் கரண்டியுமாக இறங்கினார்கள். ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பெண்ணின் காலில் செருப்பு இல்லை. என் பக்கத்தில் இருந்த கொத்தனாரிடம் நான் பாரத்தைப் பிரித்துக் காட்டி மொரீஷியஸ் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்; கண்டக்டரும் எட்டிப் படித்துப் பார்த்தார். கொத்தனார் இறங்கும்போது அந்தத் தம்பதியைக் காட்டிச் சொன்னார்: “அவங்க நல்லா இருக்கணும்னு இங்க வர்றாங்க, நீ நல்லா இருக்கணும்னு அங்க போற. நடுக்கடல்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்தா கையாவது காட்டிக்குங்கப்பா.”

இப்படிப்பட்ட பேச்சுக்காகவே நான் பஸ்ஸில் தூங்குவதில்லை. ஆனால் அன்றைக்குக் கண் திறந்தபடியே கனவு வந்தது. சவுக்குத் தோப்புகள் ஓடின. எனக்கு அவை கரும்புத் தோட்டங்களாகத் தெரிந்தன. காலாப்பட்டில் மேகம் ஒன்று கடல்மேல் கூனி உட்கார்ந்திருந்தது. எனக்கு அது ஆரோக்கியசாமி எழுதிய மலை. அனுமந்தையில் கூடையோடு ஏறிய மீன்காரப் பெண் “தள்ளி ஒக்காருய்யா, கனவு காண்றதுக்கா டிக்கெட்டு வாங்குன?” என்று அதட்டினாள். தள்ளி உட்கார்ந்தேன். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் முழங்காலில் விழுந்தது. அதுவும் எனக்கு அந்தத் தீவின் கடலாகவே இருந்தது.

எட்டு மணி. மரக்காணத்தில் இறங்கி டீ குடித்தேன், இருபது பைசா. அங்கிருந்து அளத்துக்கு ஒன்றரை மைல் நடை. நீங்கள் அந்தப் பக்கம் போனதில்லை என்றால் எப்படிச் சொல்வது? முதலில் பனை மரங்கள் முடிந்துவிடும். பிறகு நிழல் முடிந்துவிடும். பிறகு தரையும் முடிந்துவிட்டதுபோல் இருக்கும். கண்ணுக்கு எட்டின மட்டும் கட்டம் கட்டமாக வானம்தான். மேலே ஒரு வானம், வரப்பு போட்டுப் பிரித்த இன்னொரு வானம் கீழே. சில கட்டங்களில் மேகம் இருந்தது, சிலவற்றில் இல்லை. தூரத்தில் கழுவெளி ஏரிப் பக்கமாகப் பூநாரைகள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அது அசைந்ததா, வெயில் அசைந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் நடக்கிறேனா, யாராவது என்னை நடத்திக்கொண்டு போகிறார்களா என்று சந்தேகம் வந்தது.

அப்போது கன்னியம்மாவைப் பார்த்தேன். நாலைந்து பாத்திகளுக்கு அப்பால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குக் கீழே அவளே தலைகீழாக நின்றாள். வரப்பு வரப்பாக நடந்து போனதில், எனக்கும் அவளுக்கும் நடுவில் கடைசியாக ஒரு பாத்திதான் மிச்சம். தண்ணீர் இல்லை, சாணி மெழுகின வாசல் மாதிரி மழமழவென்று மின்னியது. வரப்பைச் சுற்றிப் போக நேரமாகும். கடிதத்தை ஒரு கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு, டயர் செருப்போடு அந்தப் பாத்திக்குள் இறங்கி நேராக நடந்தேன்.

பாதி தூரம் போனதும்தான் அவள் கையை ஆட்டுவது கூப்பிடுவதற்கு இல்லை என்று தெரிந்தது.

“நில்லு மாமா! அப்பிடியே நில்லு!”

நின்றேன். நின்ற இடத்தில் செருப்பு இன்னும் ஒரு விரல்கடை உள்ளே போனது. நாலாபக்கமிருந்தும் பெண்கள் வரப்பில் ஓடிவந்தார்கள். மிதிக்கிற வரிசைக்குத் தலைவியான ருக்கு அக்கா, ஐம்பது வயது, குரல் மட்டும் இருபது, வரப்பில் நின்று என் கால்தடங்களைச் சுட்டு விரலால் எண்ணினாள். “நாப்பத்தேழு. தூங்குற புள்ள நெஞ்சு மேல நாப்பத்தேழு மிதி. அதுவும் செருப்புக் காலு!”

உப்பு வெயிலில் விளைகிறது என்று நான் நினைத்திருந்தேன். காலில் விளைகிறது. பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் கட்டி, எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து நின்று, ஒரு பாதத்துக்கும் அடுத்த பாதத்துக்கும் இடைவெளி விடாமல் குதிகாலால் மிதித்துக்கொண்டே போவார்கள். காயவிட்டு மறுபடியும் மிதிப்பார்கள். மூன்று மிதி முடிந்ததும் யாரும் தொடாமல் விட்டுவிடவேண்டும். அதைத்தான் ‘பாத்தி தூங்குது’ என்பார்கள். அப்போதுதான் தரை இறுகும்; இல்லாவிட்டால் சேறு கலந்து உப்பு கறுத்துப்போகும். இந்தப் பாத்தி முந்தின நாள்தான் தூங்க ஆரம்பித்திருந்தது.

என் மாமனார் முனுசாமி வந்தார். “வாங்க மாப்ள” என்றார். மாப்பிள்ளையைத் திட்டவும் முடியாது, பாத்தியைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. மனிதர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ருக்கு அக்காதான் சட்டத்தைச் சொன்னாள். “எழுப்புனவன்தான் தூங்க வெக்கணும். இது எங்க அளத்து மொற. மொதலாளி மவன் வந்து மிதிச்சப்பவே நாங்க வுடல. செருப்பக் கழட்டு டெய்லரு மாப்ள.”

“சாயந்திர வண்டிக்குப் போகணுங்க அக்கா.”

“மூணு மிதி. மூணு நாளு. புதங்கெழம சாயந்திரம் வண்டி இல்லியா இன்னா?”

கன்னியம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. முதல் மிதி. என்னை வரிசையின் நடுவில் கன்னியம்மாவுக்கும் ருக்கு அக்காவுக்கும் இடையில் நிறுத்தினார்கள். பனி இறங்கிய சேறு குளிர்ந்தது. “மிதி… மாத்து… மிதி… மாத்து” என்று ருக்கு அக்கா குரல் கொடுக்க, எட்டுப் பேர் ஒரே மிருகம் போல் பக்கவாட்டில் நகர்ந்தோம். முதல் அரைமணியில் நான் இரண்டுமுறை வரிசையை இழுத்துக்கொண்டு சாய்ந்தேன். பிறகு கால் தானாகப் போக ஆரம்பித்தது. பாதி உறக்கம் மாதிரி ஒரு நிலை. சேற்றுக்குள் சூரியன் எழுந்தது. அதையும் மிதித்துக்கொண்டே போனோம்.

கடிதத்தில் உள்ளதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். இரண்டு நிறத்தில் கடல். தகரக் கூரையில் மழை. வீட்டுக்குள் குழாய். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தது. அவள் எதற்கும் “ஊம்” என்றாள். அந்த ஊம் ஒரு கதவு. திறந்ததா மூடியதா தெரியவில்லை.

மத்தியானம் கூழ் குடிக்கும்போது மாமனார் தானாகவே சொன்னார். “என்னிய நெனச்சி நிக்காதீங்க மாப்ள. சின்னவ புருஷன் பக்கத்துலயே இருக்கான். போற எடத்துல நெழல் இருந்தாப் போதும், இட்டுனு போங்க.” எனக்கு மகிழ்ச்சி. அவள் தயங்குவது அப்பாவுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கல் விலகியது; ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை. இரண்டாவது மிதி. என் பாதங்களில் வெடிப்பு விழுந்து உப்புத் தண்ணீர் உள்ளே போய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கன்னியம்மா கண்டுகொண்டாள். “எரியுதா? இது பத்து வருசமா எனக்கு எரியுது.”

அன்றைக்கு ஒன்று கவனித்தேன். வேறு வரிசைகளிலிருந்து ஆட்கள் வந்து அவளைக் கூப்பிட்டார்கள். “கன்னிம்மா, எங்க பாத்தியில காலு வெச்சிப் பாத்துட்டுப் போ.” அவள் போய்க் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். “இன்னும் ஒரு மிதி வேணும்” என்பாள், அல்லது “தூங்க வுடுங்க” என்பாள். அதற்கு மேல் ஒருவரும் பேசமாட்டார்கள். பாண்டிச்சேரியில் என் மிஷினுக்குப் பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அப்போ உப்பை வுட்டு வர மனசில்ல, அதானே?” என்றேன்.

“உப்பு மேல எனக்கு ஆசையா? கால் வெடிப்பக் காட்டவா? நாளைக்கே இத்த வுடச் சொன்னாலும் வுடுவேன்.”

“பின்ன?”

“மிதி” என்றாள்.

புதன்கிழமை, காலை ஏழு மணி. மூன்றாவது மிதி. அன்றைக்குப் பாரம் தபாலில் சேரவேண்டும். ஒன்று சொல்லவேண்டும்: அந்தப் பாரத்தில் அவள் கையெழுத்துக்கோ ரேகைக்கோ இடமே இல்லை. ‘குடும்பத்துடன் வர சம்மதம்’ என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அவ்வளவுதான். அவளைக் கேட்காமலேயே போட்டுவிடலாம். பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள். அந்த நினைப்பு மூன்று நாளாக என் பையிலேயே இருந்தது.

“இன்னைக்குச் சொல்லிடு” என்றேன். “வர்றியா, இல்லியா?”

கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுப் பேசினாள். “ஆரோக்கியசாமி அண்ணன் எழுதுறாரு. அவுரு சம்பளம், அவுரு வூடு, அவுரு மல. தெரேசா இன்னா சொல்றா?”

தெரேசா ஆரோக்கியசாமியின் மனைவி. அவனோடு மொரீஷியஸ் போகும்வரை எங்கள் தெருவில்தான் இருந்தாள். கன்னியம்மாவுக்கு நல்ல சிநேகிதி.

“அவ ஒண்ணும் எழுதலியே.”

“மூணு வருசமா ஒரு வரிகூடவா?”

“அவளுக்கு எழுதத் தெரியாதில்ல?”

“எனக்குந்தான் தெரியாது” என்றாள். “அப்போ எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லேன்னு அர்த்தமா மாமா?”

என் கால் நின்றுவிட்டது. எட்டுப் பேர் வரிசையும் நின்றது. மூன்று வருடத்தில் ஆரோக்கியசாமியிடமிருந்து பதினோரு கடிதம் வந்திருக்கும். அத்தனைக்கும் நான் பதில் எழுதியிருக்கிறேன். ‘தெரேசா நலமா’ என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். ‘நலம்’ என்று அவன் எழுதியிருக்கிறான்.

“அவ வாயால ரெண்டு வார்த்த வரட்டும். வந்தப்புறம் சொல்றேன்.”

“இன்னைக்குத்தான் கடைசி நாள் கன்னிம்மா. அந்த எடம் போயிடும்.”

“போனாப் போவட்டும்னு நான் சொல்லல. நீயே போடலாம், எனக்குத் தெரியும். கண்டக்டரு சொல்லிட்டாரு, பாரத்துல பொம்பள கையெழுத்து கெடையாதாம்.”

“டெய்லரு மாப்ள,” என்றாள் ருக்கு அக்கா மெதுவாக, “காலு நின்னுட்டுது. மிதி.”

பதினொரு மணி. மிதி முடிந்தது. கன்னியம்மா பாத்தியின் நாலு மூலையிலும் குதிகாலால் தட்டிப் பார்த்தாள். “தூங்கட்டும்” என்றாள். எல்லோரும் வரப்பில் ஏறினோம். நான் கை கழுவிக்கொண்டு, உப்பு மூட்டை ஒன்றைப் பலகையாக வைத்து, தெரேசாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். கன்னியம்மா சொல்லச் சொல்ல எழுதுவதாகப் பேச்சு. ஆனால் ஏழு பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“வூட்டுக்குள்ளியே கொழாய்னா, தண்ணிக்குப் போற எடத்துல பேசறதுக்கு ஆளு யாருன்னு கேளு.”

“இன்னா மீனு கெடைக்குதாம்?”

“அது கெடக்குது. பொம்பள வேலைக்குப் போனா கூலிய அவ கையில குடுப்பானா, புருஷன் கையில குடுப்பானா?”

“ருக்கக்கா, நீ போறியா, கன்னிம்மா போறாளா?”

“நான் போவலடி, கேள்வி போவட்டும்.”

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், மூன்று நாளும் வாய் திறக்காதவள், சொன்னாள்: “புருஷன் அடிச்சா ஓடிப்போறதுக்குப் பக்கத்துல யாரு வூடு இருக்குதுன்னு கேளுங்க.” யாரும் சிரிக்கவில்லை. அதையும் எழுதினேன். எழுதும்போது கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

கடைசியில் அவள் கேள்வி. “அங்க உன்னியப் பேரு சொல்லிக் கூப்புடறாங்களா, இல்ல ஆரோக்கியசாமி பொண்டாட்டின்னு கூப்புடறாங்களா? அது ஒண்ணு மட்டும் மறக்காம எழுதச் சொல்லு.”

“யாரு படிச்சுக் காட்டுவா அவளுக்கு?”

“யாராச்சும். ஆரோக்கியசாமி அண்ணனத் தவிர. அதையும் மேல எழுதிடு.”

எழுதினேன். மேல்விலாசத்தில் முதன்முறையாகத் ‘திருமதி தெரேசா’ என்று போட்டேன். பேனாவுக்கே புதிதாக இருந்தது.

மூன்று மணி. மரக்காணம் தபாலாபீஸ். ஒரு கையில் தெரேசாவுக்கு எழுதிய கடிதம், மறு கையில் பாரம். கன்னியம்மா கூட வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இரண்டையும் போட்டுவிடலாமே என்று ஒரு யோசனை. இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு கேட்டுக்கொள்ளலாமே. கவுண்டரில் இருந்தவர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “ரெண்டா, ஒண்ணா?” என்றார். வெளியே வெயிலில் யாரோ உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மலை, அந்த இரண்டு நிறக் கடல், தகரக் கூரை எல்லாம் ஒருமுறை என் கண் முன்னால் வந்து நின்றன. இவ்வளவு அழகாக அவை அதற்கு முன் வந்ததில்லை.

“ஒண்ணுதாங்க” என்றேன். தெரேசாவுக்கு எழுதியதைக் கொடுத்தேன்.

நாலரை மணி வண்டி. திரும்பும்போது நான் கனவு எதுவும் காணவில்லை. காலாப்பட்டில் மேகம் மேகமாகவே இருந்தது, சவுக்கு சவுக்காகவே இருந்தது. கால் மட்டும் பஸ்ஸின் தரையில் தானாக மிதித்துக்கொண்டு வந்தது. வேறு ஊருக்குப் பயணம் போகிறவன் தன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான் என்று நாம் நினைக்கிறோம். என் வீட்டில் இருக்கிற ஒருத்தியை நான் அந்த மூன்று நாளில்தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு மைல்தான், ஆனால் எனக்கு நாலு வருடம் பிடித்திருந்தது.

அந்த இடம் போய்விட்டது. காரைக்கால் ஆள் ஒருவர் குடும்பத்தோடு போனதாக ஆரோக்கியசாமி கோபமாக எழுதினான். ஆவணியில் இன்னொரு தொகுதி ஆட்களை எடுப்பார்கள், அதற்காவது ஒழுங்காகப் பதில் போடு என்றும் எழுதினான்.

பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தபால்காரர் எங்கள் சந்தில் “கன்னியம்மா!” என்று குரல் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கினாள். பிரித்துக் கொடுப்பாள் என்று மிஷினை நிறுத்திவிட்டுக் கை நீட்டினேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்வீட்டு நர்சம்மாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்கப் போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணியில் நான் ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தேன்.

திரும்பி வந்தவளின் கண் சிவந்திருந்தது; அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

“இன்னா எழுதியிருக்கா?”

“எனக்குத்தான எழுதியிருக்கா.”

“ஒரு வரியாவது சொல்லேன்.”

“‘என்னிய யாரும் கேக்கல, நீ கேட்ட’ன்னு மொத வரி. மத்ததெல்லாம் எங்களுக்குள்ள.”

கடிதத்தைத் தன் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அடுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். நான் மிஷினை மிதிக்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பாமலேயே கேட்டாள்.

“பம்பாய்க்கு ரயில்ல எத்தினி நாளு மாமா?”

“ரெண்டு நாளு.”

“அப்போ புளிச்சோறு கட்டிடலாம்” என்றாள். “ரெண்டு நாளைக்குக் கெடாது.”